ஈக்வஸ் போடப் போகிறோம்: குதிரை வேடம், சுழலும் மேடை, டாக்டரின் வைத்தியம்

கேள்வி. ஜூன் 3, இரவு 9.40

பீட்டர் ஷாஃபரின் ஈக்வஸ் நாடகத்தைத் தமிழில் போடலாம் என்று குழுவில் பேச்சு. ஆறு குதிரைகளுக்கு நாலு கால், வால், பிடரி மயிர் எல்லாம் வைத்து உடை தைக்க ஆள் பார்த்தாகிவிட்டது. கையில் இருக்கும் காசில் பாதி அதற்கே போய்விடும் போலிருக்கிறது. இன்னொன்று: கதையில் ஆறு குதிரைகளின் கண்ணைக் குத்திய ஒரு பையன் மனநல டாக்டரிடம் வருகிறான். டாக்டர் அந்தப் பையனைக் குணப்படுத்துகிற விதம் நிஜத்தில் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

ஜூன் 3, இரவு 11.15

முதலில் தையல்காரருக்குப் போன் போட்டு நிறுத்துங்கள். நாலு காலும் வேண்டாம், வாலும் வேண்டாம். இந்த நாடகத்தில் குதிரை இரண்டு காலில் நிற்கும். பிரதியின் முன்குறிப்பிலேயே ஷாஃபர் சொல்லிவிடுகிறார்: குதிரையாக வருபவர் குனியக் கூடாது, கையை ஊன்றக் கூடாது. தலைக்கு மேல் முகமூடி, பாதத்துக்குக் கீழ் குளம்பு, நடுவில் முழு மனிதன்.

1973 ஜூலை 26 அன்று லண்டன் ஓல்டு விக் அரங்கில் நேஷனல் தியேட்டர் இதை முதன்முதலில் போட்டது. இயக்கம் ஜான் டெக்ஸ்டர், மேடை வடிவமைப்பு ஜான் நேப்பியர். வெள்ளி நிறக் கம்பியும் தோல் பட்டையும் மாறி மாறி வரும் கூடுதான் அந்த முகமூடி. கண்ணைச் சுற்றி மட்டும் ஜட்கா குதிரைக்குக் கட்டுவது போலத் தோல் மறைப்பு. கூட்டுக்குக் கீழே நடிகரின் தலை தெரியும், அதை மறைக்க முயலவே இல்லை. உடை செம்பழுப்பு வெல்வெட் டிராக்சூட். குளம்பு சுமார் 4 அங்குல உயரம், எடை குறைந்த சட்டகம், அடியில் உலோக லாடம்.

செலவு உங்கள் கணக்கில் கால்வாசிகூட வராது. வைத்தியம் பற்றி நாளை எழுதுகிறேன், அது பெரிய விஷயம்.

ஜூன் 4, காலை 7.05

"அப்படியானால் பொய்க்கால் குதிரை மாதிரி இடுப்பில் கூடு கட்டிக்கொள்ளலாமே, நம் மண்ணின் கலையும் ஆச்சு" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆசை நல்லதுதான், இங்கே பொருந்தாது. பொய்க்கால் குதிரையில் ஆடுபவர் சவாரி செய்பவர், ராஜாவோ ராணியோ. குதிரை அவர் இடுப்பில் தொங்கும் கூடு. ஈக்வஸில் குதிரைதான் ஆள். சவாரி செய்பவன் இன்னொருவன், அவன் அந்த ஆளின் தோளில் ஏறுகிறான். கூடு கட்டினால் ஏற இடமே இருக்காது.

ஜூன் 4, இரவு 10.20

முகமூடி அணிவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் கோட்டை விடுகிற இடம் இது.

திரைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வரக் கூடாது. பார்வையாளர் கண் முன்னால், ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி, ஒரே கணத்தில் அணிய வேண்டும். இரண்டு கையாலும் எடுத்து, தலைக்கு மேல் உயர்த்தி, ஒரு மூச்சு நிறுத்தி, இறக்குவது. உயர்த்தும்வரை அவர் சக நடிகர், இறக்கியதும் கழுத்து மாறியிருக்க வேண்டும். குதிரை தலையைத் திருப்புவது மனிதன் திருப்புவது போல இருக்காது. முதலில் ஒரு சின்ன வெட்டு, பிறகு அசையாமல் நிற்பது, அதன் பிறகுதான் முழுத் திருப்பம். முகமூடி தலைக்கு மேல் இருப்பதால் கழுத்து ஓர் அங்குலம் அசைந்தால் மூக்கு மூன்று அங்குலம் அசையும். அதனால் பாதி அசைத்தால் போதும். ஆறு பேரும் ஓயாமல் தலையாட்டினால் கொலு பொம்மைக் கடை ஆகிவிடும்.

உள்ளே தலையில் நிற்க, கட்டடத் தொழிலாளர் ஹெல்மெட்டின் உள்பட்டையைக் கழற்றிப் பொருத்துங்கள். பின்பக்கத் திருகால் இறுக்கலாம், வியர்த்தாலும் வழுக்காது. இரும்புக் கம்பி வேண்டாம், 3 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி போதும். மொத்த எடை 700 கிராமைத் தாண்டினால் இரண்டாம் பாதியில் கழுத்து பிடித்துக்கொள்ளும். கம்பி முனைகளை மடக்கித் தோலுக்குள் விடுங்கள். மறந்தால் பக்கத்துக் குதிரையின் காதைக் கிழிக்கும்.

இன்னொன்று. நக்கெட் என்ற குதிரைக்கு மட்டும் முகமூடியின் பின்புறம் தட்டையாக இருக்க வேண்டும். துருத்தினால் தோளில் ஏறுகிற பையனின் வயிற்றில் குத்தும்.

ஜூன் 5, மதியம் 1.30

கனைப்புச் சத்தம் பதிவு செய்து வைத்திருக்கிறீர்களா? அழித்துவிடுங்கள். குதிரை கனைக்கவே கனைக்காது. சுற்றி உட்கார்ந்திருக்கும் நடிகர்கள் எழுப்பும் முனகல், தட்டல், குளம்படி ஆகியவைதான், பையன் தெய்வமாகக் கும்பிடும் ஈக்வஸின் வருகையைச் சொல்லும் சத்தம். கனைப்பு ஒருமுறை கேட்டுவிட்டால் தெய்வம் போய்விடும், லாயம் மட்டும் மிஞ்சும்.

ஜூன் 6, காலை 6.45

மேடை. வட்ட மரத் தளத்தின் மேல் சதுர மரத் தளம், மூன்று பக்கம் மரக் கம்பித் தடுப்பு. பார்த்தால் குத்துச்சண்டைக் களம் போலிருக்கும். பின்னால் படிப்படியான இருக்கைகளில் பார்வையாளர் சிலரையே உட்கார வைத்தார்கள், பழைய மருத்துவக் கல்லூரிப் பிணக்கூறு அரங்கு மாதிரி. நடிகர் யாரும் உள்ளே போய் ஒளிவதில்லை. காட்சி முடிந்தால் பெஞ்சுக்குத் திரும்பி, மீதி நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிரதியில் 35 காட்சி எண்கள் உண்டு, அவற்றைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் விளக்கை அணைத்துவிடாதீர்கள். எண் இடமும் மனநிலையும் மாறுவதைக் காட்டத்தான், ஓட்டம் நிற்காது.

அந்தச் சதுரம் குண்டு தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கும். சுற்றி நிற்பவர்கள் கையால் தள்ளினால் சுழலும். முதல் பாதியின் முடிவில் நள்ளிரவுச் சவாரி இதன் மேல்தான். பையன் நக்கெட்டின் தோளில். மற்றக் குதிரைகள் தடுப்பில் சாய்ந்து தள்ள, பீடத்தில் வைத்த சிலை போல இருவரும் சுழல்கிறார்கள். ஓட்டமே கிடையாது. முழங்கால் மட்டும் ஏறி இறங்கும், மீதி வேகத்தையெல்லாம் தளம் தருகிறது.

மோட்டார் வைக்கலாமா என்ற கேள்வி வரும் முன்பே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். ஐந்து உடம்பு மூச்சிரைக்கத் தள்ளுவது தெரிய வேண்டும்.

அளவு: சதுரம் 10 அடி, வட்டம் 16 அடி. 18 மில்லிமீட்டர் பிளைவுட், கீழே இரும்புச் சட்டம், நடுவில் 2 அங்குலக் குழாய் அச்சு. சக்கரம் திரும்பும் வகை வாங்காதீர்கள், நிலையான வகை வாங்கி, ஒவ்வொன்றின் அச்சும் மையத்தை நோக்கும்படி பொருத்துங்கள். திரும்பும் வகை, சுழலும் திசையை மாற்றினால் ஒரு குலுக்கு குலுக்கும். தோளில் ஆள் இருக்கும்போது அந்தக் குலுக்கு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாலு மூலைக்கும் தனிச் சக்கரம் கட்டாயம். இல்லையென்றால் மூலையில் ஒருவர் மிதித்ததும் எதிர் மூலை தூக்கும்.

ஜூன் 6, இரவு 9.00

கணக்கு வாத்தியார் ஒருவர் பிடித்துவிட்டார், அவர் சொல்வது சரி. 10 அடிச் சதுரத்தின் மூலைவிட்டம் 14.1 அடி. 16 அடி வட்டத்தில் மூலைக்கும் விளிம்புக்கும் நடுவே 11 அங்குலம்தான் மிஞ்சும். 4 அங்குலக் குளம்பு மாட்டியவர் அங்கே நடந்தால் நேராக முதல் வரிசை மடியில்தான். வட்டம் 18 அடியாக இருக்கட்டும். மூலையில் ஏறத்தாழ 2 அடி, பக்கத்தின் நடுவில் 4 அடி கிடைக்கும். தள்ளுகிறவர்கள் மூலையைப் பிடிக்காமல் பக்கத்தின் நடுவைப் பிடிக்கட்டும்.

ஜூன் 7, காலை 8.10

சவாரிக் காட்சியில் தவறுவது பெரும்பாலும் ஏறும்போதுதான், சுழலும்போது அல்ல. தரையிலிருந்து தோளுக்குத் தாவ விடாதீர்கள். பெஞ்சின் மேல் நின்று ஏறட்டும், குதிரை முழங்காலை மடக்கி வாங்கிக்கொள்ளட்டும். நக்கெட்டின் மார்பில் குறுக்குத் தோல்வார் இருந்தால் பையனுக்குக் கைப்பிடி. குளம்பு இரண்டும் தோள் அகலத்துக்கு மேல் விலகி நிற்க வேண்டும். லாடத்தின் அடியில் மெல்லிய ரப்பர் ஒட்டுங்கள், ஆனால் குதிங்கால் பக்கம் உலோகத்தை விட்டுவையுங்கள், மிதிக்கிற சத்தம் வேண்டுமே. தலைசுற்றலுக்கு வழி: பையன் விளக்கையோ ஆட்களையோ பார்க்காமல் முகமூடியின் உச்சியைப் பார்ப்பது. அது கூடவே சுழல்வதால் நிலையாகத் தெரியும்.

நக்கெட்டும், கடற்கரைக் காட்சியில் வரும் குதிரைக்காரனும் ஒரே நடிகர்தான். இதை மிச்சப் பிடிக்கும் ஏற்பாடு என்று நினைத்து வேறு ஆளைப் போடாதீர்கள். ஆறு வயதில் அந்தப் பையன் ஆலனை முதன்முதலில் தூக்கி வைத்த அதே தோளில்தான் பதினேழு வயதில் ஏறுகிறான்.

ஜூன் 8, இரவு 11.50

இனி வைத்தியம்.

டாக்டர் மார்ட்டின் டைசர்ட் குழந்தைகள் மனநல மருத்துவர், தெற்கு இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை. ஆலன் ஸ்ட்ராங், வயது 17, ஆறு குதிரைகளின் கண்ணை உலோக முள்ளால் குத்தியவன். மாஜிஸ்திரேட் ஹெஸ்தர் வாதாடி அவனைச் சிறைக்குப் பதில் இங்கே அனுப்புகிறார். இதுவரை சட்டப்படி நடக்கக்கூடியதுதான். 1959ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 60ஆம் பிரிவில், இரண்டு மருத்துவர் கருத்துச் சொன்னால் நீதிமன்றம் மருத்துவமனைக்கு அனுப்ப முடிந்தது. அக்காலத்தில் அங்கே 17 வயது நிரம்பியவர் குற்ற வழக்கில் பெரியவர் கணக்குத்தான். ஹெஸ்தரின் பதற்றத்துக்கு அதுவும் காரணம் என்று வைத்து நடிக்கலாம்.

பிறகுதான் ஷாஃபர் வைத்தியத்தை விட்டுத் துப்பறியும் கதைக்குத் தாவுகிறார். அறிகுறி ஒன்று, அதற்கு மறைந்த காரணம் ஒன்று, அதைப் பேச வைத்துவிட்டால் தீர்ந்தது. 1973இல் இப்படிப்பட்ட பையன் உள்ளே வந்தால் நடந்திருக்கக்கூடியது வேறு: குரல் ஏதும் கேட்கிறதா, கட்டளை இடுகிறதா என்ற விசாரணை, வலிப்பு உண்டா என்று பார்க்க மூளை மின்பதிவு, தேவைப்பட்டால் குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்து, மாதக்கணக்கில் கண்காணிப்பு. டைசர்ட் ஒரு நோயின் பெயரையும் உறுதியாகச் சொல்வதில்லை. மேடையில் அது குறையாகத் தெரியாது, ஏனென்றால் பெயர் வைத்த மறுநிமிடம் பார்வையாளர் நிம்மதியாகச் சாய்ந்துவிடுவார்கள்.

கண்ணிமைக்கும் விளையாட்டு என்று சொல்லி வசியத்தில் (ஹிப்னாசிஸ்) ஆழ்த்துகிற இடம் ஓரளவு உண்மை. ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, பென்சிலால் தடுப்பில் தட்டி, தட்டுக்குத் தட்டு கண்ணைத் திறந்து மூடச் செய்வது. பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. தட்டும் தாளம் திடீரென்று மாறாமல் இருக்கட்டும், இடைவெளி மெல்ல மெல்லக் கூடட்டும். பென்சில் கூர்முனையால் தட்டினால் சத்தம் எழும்பாது, அடிப்பக்கத்தால் தட்டுங்கள்.

ஜூன் 9, காலை 6.20

டாக்டர் ஆலனைப் பேச வைக்கக் கொடுக்கும் "உண்மை மாத்திரை" பற்றிக் கேட்டவருக்கு: அது வெற்று மாத்திரை. டைசர்ட்டும் அது தந்திரம் என்று அறிந்தே கொடுக்கிறார். அந்தக் காலத்தில் உண்மையை வரவழைக்கும் என்று பேசப்பட்ட சோடியம் அமிட்டாலை நரம்பில் மெதுவாக ஏற்றுவார்கள். அதில் வருவதெல்லாம் உண்மையும் அல்ல, கேட்பவர் எதிர்பார்ப்பதைச் சொல்கிற போக்கும் கூடும். நம் ஊரில் நார்கோ சோதனை என்று செய்தியில் அடிபட்ட சமாச்சாரம் இதே குடும்பம்தான். சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆலனும் முட்டாள் அல்ல, மாத்திரையை ஒரு சாக்காகத்தான் எடுத்துக்கொள்கிறான். பேச வேண்டும், ஆனால் தானாகப் பேசியதாக இருக்கக் கூடாது. நடிகர் உடனே மயக்கம் வந்தது போல் நடித்தால் காட்சி செத்தது.

ஜூன் 9, இரவு 10.35

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். "துப்பறியும் கதை" என்று கொஞ்சம் அலட்சியமாகச் சொல்லிவிட்டேன். நாடகம் வந்த சூட்டிலேயே மனநல மருத்துவர்கள் பலர் இதைத்தான் குறையாகச் சொன்னார்கள், அதில் நியாயம் உண்டு. வலியால் துடிக்கும் நோயாளியை ஏதோ தரிசனம் கண்டவன் போலக் காட்டி, குணமாக்குவதே பாவம் என்கிற தொனி. வார்டில் வேலை செய்பவர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அந்தத் தொனி டைசர்ட்டுடையது. அவர் கனவில் ஹோமர் காலத்து கிரேக்கத்தில் தலைமைப் பூசாரி, குழந்தைகளைப் பலியிடுகிறார், முகமூடி நழுவுகிறது. வீட்டில் மனைவிக்கும் அவருக்கும் ஆறு வருடமாக முத்தம்கூடக் கிடையாது. கிரேக்கப் படங்களைப் புரட்டிக்கொண்டே காலம் போகிறது. இந்த மனிதர் பையனின் வெறியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார். அந்தப் பொறாமையைத் தத்துவமாகப் பேசுகிறார். டைசர்ட் சொல்வது சரி என்று நம்பி நடிக்கிறவர் மேடையில் பிரசங்கியாகிவிடுவார். சொல்ல வேண்டிய தேவை ஏன் வந்தது என்று பார்த்து நடிக்கிறவர்தான் தேறுவார்.

ஜூன் 10, காலை 7.40

ஆக டைசர்ட்தான் நாயகனா என்றால், வசனப் பக்கத்தை எண்ணினால் ஆமாம். லண்டனில் அலெக் மக்கோவன், 1974 அக்டோபரில் நியூயார்க் பிராட்வேக்குப் போனபோது ஆன்டனி ஹாப்கின்ஸ், பிறகு ரிச்சர்ட் பர்ட்டன் என்று பெரிய ஆட்கள் நடித்த வேடம். இரண்டு ஊரிலும் ஆலன் பீட்டர் ஃபர்த். பிராட்வேயில் மட்டும் 1,209 காட்சிகள், 1975இல் சிறந்த நாடகத்துக்கான டோனி விருது.

படம் பார்த்துவிட்டு ஒத்திகைக்கு வராதீர்கள். 1977இல் சிட்னி லூமெட் எடுத்தது, பர்ட்டனும் ஃபர்த்தும் நன்றாகவே செய்தார்கள். ஆனால் நிஜக் குதிரை. கண் குத்தும் இடத்தில் திரையில் ரத்தம் பார்க்கிறோம், அத்தோடு மனம் வேறு எதையும் பார்க்க மறுக்கிறது. மேடையில் ஆலன் காற்றைத்தான் குத்துகிறான். கம்பிக் கூட்டுக்குள் ஒரு மனிதத் தலை துள்ளித் திரும்புகிறது, அவ்வளவுதான். அது தாங்க முடியாததாக இருப்பது, அதற்கு முன் இரண்டு மணி நேரமாக அந்தக் கூட்டைக் குதிரையாக்கியது நம் மனமே என்பதால்.

2019இல் நெட் பென்னட் இயக்கியது இன்னும் ஒரு படி போய் முகமூடியையே எடுத்துவிட்டது, உடம்பசைவு மட்டும். நல்ல நடனப் பயிற்சி உள்ள ஆள் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

ஜூன் 11, இரவு 9.15

நிர்வாணக் காட்சி பற்றித் தனித்தனியாக நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரு குழப்பத்தைத் தீர்க்கிறேன். முதல் பாதி முடிவுச் சவாரியில் ஆடை களைவது பாவனைதான், பிரதியே அப்படித்தான் சொல்கிறது. நிஜமாகக் களைவது இரண்டாம் பாதியில், லாயத்தில். இங்கிலாந்தில் நாடகத் தணிக்கை 1968 சட்டத்தோடு போனதால்தான் 1973இல் அதைச் செய்ய முடிந்தது. பாத்திரத்தின் வயது 17 என்றாலும் நடிப்பவர்கள் வயதுவந்தவர்களாக இருக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. தமிழ் மேடைக்கு என் கருத்து: இரண்டு இடத்தையும் பாவனையாக வையுங்கள். முதல் பாதியில் பார்வையாளருக்கு அந்த மொழி பழகிவிட்டது. உரிமை தருபவரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

ஜூன் 13, காலை 5.55

மொழிபெயர்ப்பு. மூன்று முள்.

முதல் முள் தலைப்பு. ஈக்வஸ் லத்தீனில் குதிரை. அந்தச் சொல்லில் 'யூ' எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வருவதில் சின்ன ஆலனுக்கு அப்படியொரு மயக்கம். தமிழில் எழுதியதும் அந்த இரட்டை காணாமல் போகிறது. அம்மா டோரா முன்னாள் ஆசிரியை. அவர் காற்றில் விரலால் எழுதிக் காட்டுகிற மாதிரி வைத்தால் ஒப்பேறும்.

இரண்டாவது, குதிரை வம்சாவளி. பைபிளில் வரும் தலைமுறைப் பட்டியலைக் கேலியும் பக்தியுமாக ஆலன் ஒப்பிக்கிறான். இது நமக்கு லாபம். தமிழ் வேதாகமத்தின் 'பெற்றான், பெற்றான்' என்ற அடுக்கு சர்ச்சுக்குப் போகாதவர் காதிலும் உட்கார்ந்திருக்கிறது. அந்த நடையில் எழுதுங்கள், பேச்சுத் தமிழுக்கு இறக்காதீர்கள்.

மூன்றாவதுதான் சிக்கல். ஆலன் சவாரி செய்யும் வயலின் பெயர் 'ஹா ஹா'. யோபு புத்தகத்தின் 39ஆம் அதிகாரத்தில், எக்காளச் சத்தம் கேட்டுக் குதிரை 'ஹா ஹா' என்பதாக ஆங்கிலத்தில் வரும், அம்மா படித்துக் காட்டியது. பழைய தமிழ் வேதாகமத்தில் அந்தக் குதிரை 'நிகி' என்று கனைக்கிறது. வயலுக்கு 'நிகி' என்றே பெயர் வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சிரிப்புப் போகும், ஆனால் அம்மாவின் புத்தகத்திலிருந்து வந்தது என்ற கண்ணி அறாது.

ஜூன் 13, இரவு 8.30

ஆலன் பாடும் டபுள்மின்ட் சூயிங்கம் விளம்பரப் பாட்டுக்குப் பதில் நம் ஊர் சோப்பு விளம்பரம் போடலாமா என்று கேட்டவருக்கு: போட்டால் அச்சுக்கூடத்து நாத்திக அப்பாவையும் நம் ஊருக்கு மாற்ற வேண்டும், லாயத்தையும், மாஜிஸ்திரேட்டையும். பாட்டை மட்டும் மாற்றினால் பையன் மட்டும் சுற்றுலா வந்தது போலிருக்கும். மெட்டுத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. டாக்டர் கேள்வி கேட்கிறார், பையன் விளம்பரம் பாடுகிறான். அந்த அடம் எந்த ஊரிலும் புரியும்.

ஜூன் 16, காலை 7.00

உரிமை. ஷாஃபர் இறந்தது 2016 ஜூனில். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த மறு வருடத்திலிருந்து 60 ஆண்டு, அதாவது 2076 முடியும்வரை. மொழிபெயர்க்கவும் அனுமதி வேண்டும், மேடையேற்றவும் வேண்டும், இரண்டும் தனித்தனி. டிக்கெட் இல்லாமல் அமெச்சூர் குழு போடும் காட்சிக்கு மேடையேற்றத்தில் சட்டம் விலக்குத் தருகிறது, ஆனால் மொழிபெயர்ப்பு அனுமதிக்கு அது பதில் ஆகாது.

ஜூன் 16, காலை 7.25

விட்டுப்போனது: நடிகர் எல்லோரும் இரண்டரை மணி நேரம் பார்வையில் உட்கார்ந்திருப்பதால், ஒத்திகையின் முதல் வாரத்திலிருந்தே பெஞ்சில் உட்கார வையுங்கள். கடைசி வாரத்தில் உட்கார வைத்தால் இருமல், கொட்டாவி, கால் ஆட்டல், அடுத்தவர் வசனத்தை வாயசைப்பது எல்லாம் அப்போதுதான் தெரியவரும். முகமூடி மாட்டும் கொக்கி, நிற்கும் குதிரையின் கண் மட்டத்தில் இருக்கட்டும், குளம்பு மாட்டிய பிறகு அளந்து அடியுங்கள். வெறுங்காலில் அளந்தால் 4 அங்குலம் உதைக்கும்.